பழப்புளி போட்டு மினுக்கிய பித்தளைக் குத்துவிளக்கு ஒரு கிழமையிலேயே கறுப்பது ஏன்?

பழப்புளியில் பிழையில்லை. அலம்பாமல் மிஞ்சும் புளியும் கொழும்பின் கடலோர வெள்ளவத்தை உப்புக்காற்றும் சேர்ந்தால் பித்தளை கறுக்கத்தான் செய்யும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரச் சுடுநீரில் எடுங்கள். பிசுக்குள்ள இடத்தில் புளி பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். பிறகு புளிக்குப் பதிலாக 1 லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 1 மேசைக்கரண்டி சிற்றிக் அமிலம் கரைத்து 5 நிமிடம் ஊறவிடுங்கள். கூட ஊறினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பின் இளஞ்சிவப்பு மேலே தெரியும். அப்பச்சோடா கரைத்த நீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் இருமுறை அலம்புங்கள். தண்டைக் கழற்றித் திருகுப் புரிகளையும் ஈரமில்லாமல் துடையுங்கள். பச்சைக் களிம்பு அங்கேதான் தொடங்கும். சுடர் படாத பாகங்களுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு நல்லது.

அமோனியா கலந்த திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரித்தானியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் கீறல் விட்டதற்கு அமோனியாவே காரணம்.