சாம்பல் நிறக் காசைத் தூக்கிப் போடாதீர்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போயிருந்தோம். ஹோய் ஆனில் ஒரு கடையில் நடுவே சதுர ஓட்டை போட்ட பழங்காசுகள் ஒரு தட்டு நிறையக் கிடந்தன. பேரம் பேசி ஒரு டஜன் வாங்கினேன். ஆயிரம் வருஷத்துக் காசு என்று கடைக்காரம்மா அடித்துச் சொன்னார். ஊரில் காட்டினால் நண்பர் ஒருவர், "எல்லாம் சைனாக் காசு, அதுவும் டூப்ளிகேட்" என்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறத்தில் ஓரம் உடைந்த ஒன்றை எடுத்தாலே கையில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மற்றவற்றைப் புளி போட்டுத் துலக்கலாமா? தொடர்ந்து சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

முதலில் புளியை எடுத்து உள்ளே வையுங்கள். செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சையும் பழுப்பும்தான் அதன் வயசுக்குச் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் விவரம் தெரிந்தவர் யாரும் அந்தக் காசைத் தொடமாட்டார். சாம்பல் நிறக் காசு துத்தநாகம். அதைப் புளி அரித்தே விடும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பின்பக்கம் நெளிநெளியாக இரண்டு சொல் இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அது மஞ்சு எழுத்து. அசலோ நகலோ, சீனாவின் சிங் வம்சக் காசு அப்படித்தான் இருக்கும். வியட்நாம் காசுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும். அதற்காகச் சீனக் காசை வியட்நாமுக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கவும் முடியாது. அங்கே பல நூற்றாண்டு சந்தையில் புழங்கியதில் பெரும்பங்கு அதுதான். புதையலாகக் கிடைக்கும் பானைகளில் சீனாவின் வட சுங் வம்சக் காலத்துக் காசுகளே அதிகம். 17ஆம் நூற்றாண்டில் நாகசாகியில் ஏற்றுமதிக்கென்றே வார்த்த காசுகளை டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றி வந்து வியட்நாமில் இறக்கினார்கள்.

ஆயிரம் வருஷக் கதைக்கு வருவோம். வியட்நாமின் முதல் சொந்தக் காசு 970 வாக்கில் ஹோவா லூவில் இருந்து ஆண்ட தின் போ லின் காலத்தது. அதன் பின்புறம் அவர் குலப்பெயரான 'தின்' பொறித்திருக்கும். சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண், அதனாலேயே போலிகளும் ஏராளம். சுற்றுலாக் கடைத் தட்டில் அது கிடைக்காது.

அசலா என்று பார்க்க எழுத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். இவை அச்சடித்த காசுகள் இல்லை, வார்த்தவை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி எடுத்தால் கிளையில் காய்த்தது போல் காசுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக ஒடித்து, சதுரக் கம்பியில் கோத்து, மொத்தமாக ஓரத்தை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை சதுரமாக இருப்பதால் ராவும்போது காசு கம்பியில் சுற்றாது. பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்த்தால் பல காசுகளில் அந்த அரத்தின் கீறல் தெரியும். விளிம்பு நெடுக அச்சு சேர்ந்த வரம்பு அப்படியே நின்றாலோ, நகம் பட்டதும் பச்சை பெயிண்ட் போல உரிந்தாலோ, அது போன வருஷச் சரக்கு.

இப்போது அந்த உடைந்த காசு. தட்டிலேயே உருப்படியானது அதுதான். மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படித்தால் 'தூ தூக் தோங் பாவ்'. 1847 முதல் 1883 வரை ஆண்ட தூ தூக் அரசர் காலத்தது. பின்பக்கம் வெள்ளை பூத்திருப்பதால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வார்த்த ஊரின் பெயர், ஹனோய் என்றோ சோன் தாய் என்றோ, சிலவற்றில் இருக்கும். இவ்வளவு மலிவான காசுக்குப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்?

துத்தநாகத்தை இளக்காரமாகப் பார்க்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. ஜப்பான் செம்பு ஏற்றுமதியை இறுக்கிய பிறகு வியட்நாமின் தெற்குப் பகுதியை ஆண்ட நுயென் குலப் பிரபுக்களுக்குக் காசு தட்டுப்பாடு. 1746இல் நுயென் ஃபுக் கோவாட் துத்தநாகத்தில் வார்க்கத் தொடங்கினார். துத்தநாகம் உருகச் சுமார் 420 டிகிரி போதும், செம்புக்கு 1,085. அடுப்பு வைத்திருந்தவன் எல்லாம் காசு வார்த்தான். கைபட்டால் ஒடியும், ஈரம் பட்டால் பொடியும் காசை யார் சேர்த்து வைப்பார்கள்? வசதி உள்ளவர்கள் நெல்லாக வாங்கிப் பதுக்கினார்கள், அரிசி விலை ஏறியது. ங்கோ தே லான் என்ற அறிஞர் 1770 வாக்கில் பிரபுவுக்கு எழுதிய விண்ணப்பத்தில் இதைத்தான் சொன்னார்: அரிசி குறைந்துபோகவில்லை, காசை நம்பாமல்தான் பதுக்குகிறார்கள். மேலிடத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1771இல் அந்தப் பிரபுக்களுக்கு எதிராகத் தாய் சோன் கலகம் வெடித்தது. வரி, ஊழல் என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் இந்தக் காசை விட்டுவிட்டு அந்தக் கலகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் 1802இல் அரியணை ஏறிய, அதே நுயென் குலத்து ஜியா லாங் துத்தநாகத்தை விடவில்லை. அவர் காசின் பின்புறம் 'ஏழு ஃபான்' என்று எடையே எழுதியிருக்கும், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். 60 காசு ஒரு தியென், 600 காசு ஒரு குவான். ஒரு குவான் சரம் ஒன்றரைக் கிலோ! சந்தைக்குப் போகிறவர் தோளில் பணம் சுமந்து போனார். பின்னால் வியட்நாமை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் கடைசியில் அதே வழிக்கு வந்து, 1905இல் வடக்கே டொங்கின் பகுதிக்காகப் பாரிசில் துத்தநாகக் காசு அடித்தார்கள், தங்கள் நாணயமான பியாஸ்தரில் 600இல் ஒரு பங்கு என்று.

தொடங்க கான் ஹுங் அரசரின் (1740–1786) காசுகள் நல்லவை. ஒரே அரசருக்கு இத்தனை வகை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதிலேயே வருஷக்கணக்கில் மூழ்கலாம். தாய் சோன் கலகத் தலைவர்களில் ஒருவரான குவாங் சுங் ஆண்டது 1788 முதல் 1792 வரைதான், காசு மட்டும் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. கடைசி அரசர் பாவோ தாயின் காசு சிறுசு, மெலிசு. ஒன்று போதும்.

துத்தநாகக் காசைப் பிவிசி உறையில் போடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வையுங்கள். மற்றவற்றோடு குலுங்கினால் உடையும். இன்னொன்று: தொல்பொருளை வியட்நாமை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். உண்மையிலேயே பழையதை இனி வாங்குவதானால், அனுமதிக்கான ஆவணம் வைத்திருக்கும் வியாபாரியிடம் வாங்குங்கள்.

விளிம்புப் படம் அனுப்பினால் வழவழப்பான மற்ற காசுகளைப் பற்றியும் எழுதுகிறேன். வெயிலில் வைத்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.