தலையை ஆட்டிப் பார்த்து மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கலாமா?

வாசகர் கேள்விகளும் வைத்தியர்களின் பதில்களும்

கேள்வி: தம்பிக்கு 26 வயது. போன மாரியில் காய்ச்சலும் கடும் தலையிடியுமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்லி, "நோ கூடுதோ?" என்று கேட்டார். இல்லை என்றான். பிறகு இரத்தம் சோதித்ததில் டெங்கு என்று வந்தது. இந்தத் தலையாட்டலை வீட்டில் நாங்களே செய்து பார்க்கலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: செய்து பார்க்கலாம். ஆனால் நோ கூடவில்லை என்பதை வைத்து ஆளை வீட்டில் மறித்து வைக்கக் கூடாது. தம்பியின் விஷயத்திலும் டொக்டர் அதோடு நிறுத்தவில்லை, இரத்தமும் பார்த்திருக்கிறார். அதுதான் முறை.

மூளையைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வு அழன்றுபோவதைத்தான் இங்கே மூளைக்காய்ச்சல் என்கிறோம். அப்படி அழன்றிருந்தால் தலை வேகமாக அசையும்போது நோ கூடும் என்பது இதன் அடிப்படை. 1991இல் ஜப்பானிய வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். முள்ளந்தண்டு நீரில் (மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் நீர்) வெள்ளணுக்கள் கூடி, மென்சவ்வு அழன்றிருப்பதைக் காட்டிய 34 பேரில் 33 பேருக்கு நோ கூடியதாம். அந்த ஒரு கணக்கால்தான் இது இவ்வளவு பேர்பெற்றது. பின்னர் பல இடங்களில் நடந்த ஆய்வுகளை 2020இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நோயுள்ளவர்களில் நோ கூடியவர்களின் பங்கு ஏறத்தாழ 65 வீதமாக இறங்கிவிட்டது. அதாவது நோயுள்ள மூன்று பேரில் ஒருவரை இந்தச் சோதனை தவறவிடும்.

சரியாகச் செய்யாவிட்டால் இன்னும் மோசம். ஆள் நல்ல நினைவோடு இருக்க வேண்டும், தலையிடியும் அப்போது இருக்க வேண்டும். முதலில் நோ பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். பிறகு 'இல்லை' என்று மறுப்பதுபோல, ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை என்ற வேகத்தில், அவரே தலையை ஆட்ட வேண்டும். உடனே திரும்பவும் எத்தனை என்று கேளுங்கள். பலர் பயத்தில் மெதுவாக ஆட்டுவார்கள், அல்லது தோளையும் சேர்த்துத் திருப்புவார்கள். அப்போது நோ கூடாது. சிலர் தலைச்சுற்றையே நோ என்று சொல்வார்கள். சற்று முன்னர் பனடோல் குடித்திருந்தாலும் பதிலை நம்ப முடியாது. விழுந்து அடிபட்டவரையோ அரைமயக்கத்தில் இருப்பவரையோ ஆட்டச் சொல்லவே வேண்டாம்.

நோ கூடினாலும் மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவுகட்ட முடியாது. ஒற்றைத் தலையிடிக்கும் வேறு காய்ச்சல்களுக்கும் கூடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நெதர்லாந்தில் பக்டீரியாவால் மூளைக்காய்ச்சல் வந்த 696 சந்தர்ப்பங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் மூன்றும் சேர்ந்திருந்தது 44 வீதத்தில் மட்டும். இவற்றோடு தலையிடியையும் சேர்த்தால், இந்த நான்கில் ஏதேனும் இரண்டாவது 95 வீதத்தில் இருந்தது. காய்ச்சலும் தலையிடியும் டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் வருவதால், அவை இரண்டும் இருந்தால் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். அவற்றோடு கழுத்து விறைப்பு, பேச்சுத் தடுமாற்றம், எழுப்ப எழுப்ப உறங்கிப்போவது, வலிப்பு, ஓயாத சத்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தோலில் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடிக் கிளாஸால் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அதுவும் அவசரம்தான். கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் எப்போதும் கழுத்து இறுக்கம். காய்ச்சல் வந்தால் எப்படி வித்தியாசம் காண்பது? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கழுத்து எந்தப் பக்கம் மறுக்கிறது என்று பாருங்கள். தலையணையை எடுத்துவிட்டு அம்மாவை மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிடரிக்குக் கீழ் கையைக் கொடுத்து, முதலில் தலையை மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். பிறகு நாடி நெஞ்சைத் தொடும்படி தூக்குங்கள். மென்சவ்வு அழன்றிருந்தால் பக்கவாட்டில் ஓரளவு இலகுவாகத் திரும்பும், முன்னோக்கி மட்டும் வளையாது. பலகையைத் தூக்குவதுபோலத் தோளும் சேர்ந்து எழும்பும். தேய்மானத்தில் பக்கவாட்டிலும் அதேயளவு இறுக்கம் இருக்கும்.

தூக்கும்போது கால்களையும் கவனியுங்கள். முழங்கால்கள் தாமாக மடிந்தால் உடனே கொண்டுபோங்கள். மடியாததை வைத்து ஆறுதலடைய வேண்டாம்: 2002இல் வெளிவந்த, 297 பெரியவர்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், நோயுள்ளவர்களில் 5 வீதத்தினரிடம் மட்டுமே இந்த அடையாளம் தெரிந்தது. வயதானவர்களுக்குக் கழுத்து விறைக்காமலே நோய் முற்றுவதுண்டு. காய்ச்சலோடு அம்மா ஆள்மாறிப் பேசினால் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கேள்வி: மூளைக்காய்ச்சலா என்று சோதிக்க முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்கிறார்களே? (வாசகி, கரவெட்டி)

பதில்: அந்தப் பயத்தில் கையெழுத்திட மறுக்காதீர்கள். பெரியவர்களில் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, பொதுவாக இடுப்பின் முதலாம் இரண்டாம் எலும்புகளுக்கிடையில் முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் அல்லது நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கிடையில். பிறகு சிலருக்குத் தலையிடி வரலாம். எழும்பி இருந்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே மாறிவிடும்.

நோய் பக்டீரியாவாலா வைரஸாலா காசநோயாலா என்பதைக் காட்டித்தருவது இந்த நீர்தான். வீட்டில் மிச்சமிருக்கும் அன்டிபயோட்டிக்கைக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்தால் நீரில் கிருமி வளராமல் போய், எந்த மருந்து, எத்தனை நாள் என்று தீர்மானிப்பது கடினமாகும். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களென்றால் மறைக்காமல் மருந்து மட்டையோடு வாருங்கள்.