கெட்டம்பேயில கடைவாசலில நின்றும் ஓடர் வரல்லையா?

தம்பி, சாப்பாட்டு டெலிவரி ஓடுற நீங்க கண்டிப் பக்கம் கெட்டம்பேயில கடைக்கு முன்னாலேயே நிற்கிறீங்க, ஓடர் மட்டும் தூரத்து ஆளுக்குப் போகுது என்றீங்க. டெலிவரி ஆப் முகம் பார்த்துக் கொடுக்கிறதில்ல, நேரக் கணக்குத்தான். கொத்து போட 20 நிமிஷம் ஆகுமென்றால், வேற ஓடரை இறக்கிட்டு அதே வழியா வர்றவருக்கே அது போய்ச் சேரலாம். கிட்ட நிற்கிறதுக்கு அங்க பெரிய மதிப்பில்ல.

ஆனா உங்க விஷயத்தில எனக்குச் சந்தேகம் ஜிபிஎஸ் மேலதான். மலைச்சரிவும் கட்டடமும் மறைச்சா புள்ளி தள்ளி விழும். கெட்டம்பேயில நிற்கிற உங்களை மகாவலிக்கு அக்கரையில காட்டினா, பேராதனைப் பாலம் சுற்றி வரவேண்டிய ஆளாத்தான் எண்ணும். மேப்பைத் திறந்து நீலப் புள்ளி எங்க நிற்குது என்று பாருங்க. போன்ல பேட்டரி சேவர் இருந்தா முதல்ல அதை நிறுத்துங்க. சில போன்ல திரை அணைஞ்சதும் லொகேஷன் போறதே நின்றுடலாம்.