மாதந்தோறும் ஆலோசனை கிடைக்கிறது, பதவி உயர்வுதான் வரவில்லை

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு ஆண்கள் மேலாளர்களாகிவிட்டார்கள். கேட்டால், 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை' என்கிறார் என் மேலாளர். நிறுவனம் எனக்கு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருக்கிறது. அன்பானவர்தான், ஆனால் பலன் தெரியவில்லை. வேறொருவரைத் தேடலாமா?

பதில்: அவர் இருக்கட்டும். உங்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பதவி உயர்வுப் பட்டியல் முடிவாகும் அறையில் உங்கள் பெயரை எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை. அப்படிப் பேசுபவரை ஸ்பான்சர் என்பார்கள். மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மினியா இபார்ராவும் சக ஆய்வாளர்களும் 2010-இல் எழுதியது இதைத்தான்: வழிகாட்டி இருப்பதில் பெண்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஆண்களுக்கு வாய்த்த வழிகாட்டிகள் பதவியில் மூத்தவர்கள், அவர்களுக்காக வாதாடக்கூடியவர்கள்.

நீங்கள் நிற்கும் இடமும் புதிதல்ல. எல்லோரும் உச்சியிலுள்ள கண்ணாடிக் கூரையை, அதாவது பெண்களை உயர் பதவிக்குப் போகவிடாத கண்ணுக்குத் தெரியாத தடையைப் பற்றியே பேசுகிறார்கள்; தேக்கம் தொடங்குவது முதல் படியில். அமெரிக்க நிறுவனங்களைப் பற்றிய 2024 அறிக்கையில் (மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் லீன்இன் என்ற பெண்கள் அமைப்பும் வெளியிட்டது) சொல்லப்பட்டபடி, 100 ஆண்கள் மேலாளரானபோது 81 பெண்களே அந்தப் படியை ஏறினார்கள்.

அடுத்த சந்திப்பில் உங்கள் வழிகாட்டியிடம் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை பற்றியெல்லாம் பேச வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். பதவி உயர்வை முடிவு செய்பவர்கள் யார் யார்? அவர்களில் என் வேலையை நேரில் பார்த்தவர் எவர்? எவருமில்லை என்றால், யாருடைய திட்டத்தில் நான் சேர வேண்டும், அதற்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்களா? இதற்கு அவர் மழுப்பினால், அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சராக இருக்கச் சொல்லி முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் நிற்பதில் பயனில்லை. வேலையைப் பார்க்காதவர் தன் பெயரைப் பணயம் வைக்க மாட்டார்.

'தயாராகவில்லை' என்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்த வேலையை, எந்த அளவில், எந்த மாதத்துக்குள் செய்து காட்டினால் தயார் என்பீர்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். 'நாம் பேசியபடி' என்று தொடங்கும் நான்கு வரி போதும். அடுத்த மதிப்பீட்டின்போது பேச்சு மாறாமல் இருக்க அது உதவும்.

கடந்த ஆறு மாத வேலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூட்டக் குறிப்பு எடுத்தது, புதியவர்களுக்கு வேலை பழக்கியது, விழா ஏற்பாடு செய்தது எவ்வளவு? பொருளியலாளர் லிண்டா பாப்காக் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பதவி உயர்வுக்கு உதவாத, யாரும் விரும்பாத இத்தகைய வேலைக்கு ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்களே தாராளமாகச் செய்தார்கள் என்பது வேடிக்கை! ஆகவே 'மாட்டேன்' என்று முறைத்துக்கொள்ளாமல், சுழற்சி முறையில் செய்யலாம் என்று முன்மொழியுங்கள்.

நொடிந்துபோன ஒரு பிரிவைத் திடீரென்று உங்கள் பொறுப்பில் தூக்கிக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்; அது மீளாவிட்டால் பழி உங்கள் மேல்தான் விழும். ஆள், பணம், கால அவகாசம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மதிப்பீட்டுச் சுற்றுகள் வெறுமனே போனால், வெளியே விண்ணப்பியுங்கள். உங்கள் வழிகாட்டி எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் அங்கே நன்றாகவே பயன்படும்.