பீலின் அருங்காட்சியகமும் மோசஸ் வில்லியம்ஸின் கத்தரிக்கோலும்

கேள்வி: சேணம் தைத்துப் பிழைத்த சார்லஸ் வில்சன் பீல், யாருடைய துணையுமின்றி ஓவியராகி, ஃபிலடெல்ஃபியாவில் அருங்காட்சியகமும் நிறுவினார் என்று படித்தேன். தனிமனித உழைப்புக்கு இதைவிடச் சிறந்த சான்று உண்டா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பீலின் உழைப்பில் எனக்கும் பெருமதிப்பு உண்டு, ‘யாருடைய துணையுமின்றி’ என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. ஒரு சேணத்தைக் கொடுத்து அவர் ஓவியம் கற்கத் தொடங்கியது ஜான் ஹெசீலியஸிடம். 1767இல் லண்டன் சென்று பெஞ்சமின் வெஸ்டிடம் பயில்வதற்கு மேரிலாண்ட் செல்வர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1786இல் தம் வீட்டிலேயே தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்த மாஸ்டோடான் (யானையைப் போன்ற, அழிந்துபோன பெருவிலங்கு) எலும்புக்கூட்டை 1801இல் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் அருகே தோண்டியெடுக்க, அமெரிக்கத் தத்துவக் கழகம் என்ற அறிஞர் அமைப்பு 500 டாலர் கடன் தந்தது. குழியில் ஊறிய நீரை இறைக்க அமைத்த பெரிய சக்கரம், அதனுள் ஆட்கள் இடைவிடாது நடந்ததால்தான் சுழன்றது.

இவர்கள் எல்லோரையும்விட நாம் மறக்கக் கூடாதவர் மோசஸ் வில்லியம்ஸ். ஓவியம் வரைந்ததற்குக் கூலியாகப் பீல் பெற்ற அடிமைத் தம்பதியின் மகன் அவர். பெற்றோருக்கு 1786இல் விடுதலை கிடைத்தது. மகனோ 1802 வரை பீலின் வீட்டிலேயே ஊழியம் செய்தார். ரஃபேல், ரெம்பிராண்ட், டிஷியன், ரூபன்ஸ் என்று மாபெரும் ஓவியர்களின் பெயர்களைத் தம் மகன்களுக்குச் சூட்டி, தூரிகை பிடிக்கவும் கற்றுக்கொடுத்த பீல், அதே வீட்டில் வளர்ந்த மோசஸுக்கு இறந்த விலங்குகளைப் பாடம் செய்து பதப்படுத்துவதையும், பின்னர் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் தாளில் நிழலுருவமாக வெட்டும் வேலையையுமே அளித்தார். தந்தையாக அவர் காட்டிய அக்கறையை வியக்கும் நாம், இந்தப் பாகுபாட்டைக் காணாமல் கடந்துவிட முடியாது.

ஆனால் அந்தக் கத்தரிக்கோலிலேயே மோசஸ் தம் கலையை நிறுவினார். பார்வையாளரின் பக்கவாட்டு முகக்கோட்டைச் சிறிதாக்கி வரையும் கருவி ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அது தாளில் பதித்த கோட்டின் வழியே, நெற்றி, மூக்கு, உதடு என்று ஒவ்வொரு வளைவும் பிசகாமல் வெட்டியெடுப்பது அவர் கைத்திறன். நான்காக மடித்த தாளை ஒருமுறை வெட்டினால் நான்கு உருவங்கள் கிடைக்கும்; கட்டணம் 8 சென்ட். முதல் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட உருவங்களை அவர் வெட்டினார். அந்த வருவாயில் சொந்தமாக வீடும் வாங்கினார்.

1822இல் பீல் வரைந்த தன்னுருவ ஓவியத்தில், திரையை உயர்த்திப் பறவைப் பேழைகளையும் மாஸ்டோடானையும் அவரே நமக்குக் காட்டுகிறார். மோசஸ் அதில் இல்லை. அவர் வெட்டிய தாள்களில் ‘மியூசியம்’ என்ற முத்திரைதான் இருந்தது, அவர் பெயர் இல்லை.