ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாரின் மெலிந்த ஒலியைத் தடிமனாக்க, பிக்கப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், ஒற்றைச் சுருள் கொண்ட காந்தப் பாகம்) கொண்ட, விலை குறைந்த ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் ஒன்றை வைத்திருப்பதாகவும், வீட்டில் தனியாக வாசிக்கும்போது நன்றாக இருக்கும் ஒலி குழுவோடு சேர்ந்ததும் மெலிந்து காணாமல் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் பரிந்துரைத்த வெளிநாட்டுப் பிக்கப் ஜோடியின் விலை கிட்டாரின் விலையையே நெருங்குகிறது என்றும் சொல்கிறீர்கள். இப்போதைக்கு அதை வாங்காதீர்கள் என்பதே என் பதில். உங்களிடம் இருக்கும் பிக்கப்புகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும் விதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இதைப் படித்ததும், பிக்கப்பில் வித்தியாசமே இல்லை என்கிறாயா என்று கேட்க வருவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. காந்தத்தின் வகை, கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவை ஒலியை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதே இரண்டு பிக்கப்புகளைத் தொடர் இணைப்பில் (ஒன்றன் பின் ஒன்றாக) வைப்பதற்கும் பக்க இணைப்பில் (ஒன்றுக்கொன்று இணையாக) வைப்பதற்கும் இடையே கேட்கும் வேறுபாடு, ஒரு நிறுவனத்தின் சிங்கிள் காயிலுக்கும் இன்னொரு நிறுவனத்தின் சிங்கிள் காயிலுக்கும் இடையே கேட்கும் வேறுபாட்டைவிடப் பெரியது என்பது என் காது கண்ட அனுபவம்.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவன். திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று மேடை எதுவானாலும் எடுத்துச் செல்வது பழையதாக வாங்கிய ஒரு ஜாஸ் பேஸ் நகல்தான். குழுவின் கீபோர்ட் அண்ணன், "தம்பி, பேஸ் இருக்கறது தெரியுது, ஆனா என்ன சுரம்னு கேக்கல" என்று பல மேடைகளில் சொல்லிவிட்டார். நம் ஊர்ப் பாடல்களில், குறிப்பாக இளையராஜாவின் பாடல்களில், பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்காமல் தனக்கென ஒரு மெட்டோடு நடக்கும். சுரம் கேட்கவில்லை என்றால் பாட்டில் பாதி போய்விட்டது என்றே பொருள். அதனால் அண்ணன் தன் இடது கையால் பேஸ் சுரங்களைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு பேஸ் வாசிப்பவனுக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு எதுவும் இல்லை.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கே பிக்கப்பைக் கழற்றக்கூட இல்லை. மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "செத்துப்போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். நெக் (கழுத்து) பக்கத்தில் இருப்பது 7.4 கிலோ ஓம், பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கத்தில் இருப்பது 7.8 கிலோ ஓம். ஜாஸ் பேஸ் பிக்கப் ஒன்றுக்கு 7 முதல் 8 கிலோ ஓம் வரை இருப்பது இயல்பு. உயிரோடு இருக்கும் பிக்கப்பைச் செத்துவிட்டது என்று சொல்லி விற்கப் பார்த்தார்களே என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய் வேலைக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளை மாற்றச் சொல்லும் வழக்கத்தால், இளம் வாசிப்பாளர்கள் எத்தனையோ பேர் தங்கள் கருவியே மட்டமானது என்று நம்பிவிடுகிறார்கள்.

குழுவோடு வாசிக்கும்போது பேஸ் ஏன் மறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியான ஈ, திறந்த நிலையில் 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மண்டபங்களில் வைக்கும் பல ஸ்பீக்கர் பெட்டிகளால் அந்த அதிர்வெண்ணை முழுமையாகக் கொடுக்க முடியாது. கேட்பவர் காதில் விழுவது பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள மடங்குகளும்தான். அவற்றை வைத்து மூளை அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே சுரம் தெளிவாகக் கேட்க நடு அதிர்வெண்கள் வேண்டும். ஒலி மெலிந்திருக்கிறது என்றதும் மிக்ஸர் முன் நிற்பவர் அடி பேஸை ஏற்றிவிடுவார்; அது கூடத்தைக் குமுற வைக்குமே தவிர, சுரத்தைக் கேட்க வைக்காது.

ஃபெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. இரண்டு வால்யூம்களையும் முழுதாகத் திறந்தால் மொத்த மின்தடை பாதியாகி 4 கிலோ ஓமுக்கும் கீழே வரும், இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) பாதியாகும். அதே இரண்டையும் தொடர் இணைப்பில் வைத்தால் மின்தடை சுமார் 15 கிலோ ஓம் ஆகும். இண்டக்டன்ஸ் ஒரு பிக்கப்பின் அளவைப் போல இரு மடங்காகும். அதாவது, பக்க இணைப்போடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன்) சேர்ந்து, மேல் அதிர்வெண்களில் ஓர் உச்சத்தை உண்டாக்குகின்றன. கேபிள் மாறாத வரை, இண்டக்டன்ஸ் நான்கு மடங்கானால் அந்த உச்சத்தின் அதிர்வெண் பாதியாகும். இசை மொழியில் ஒரு ஆக்டேவ் கீழே இறங்கும். வழக்கமான அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் 5000 ஹெர்ட்ஸ் அருகே இருந்த உச்சம் 2500 அருகே வரும். ஒலியளவும் கூடும். கண்ணாடி போன்ற பளபளப்பு குறைந்து, சுரத்தின் உடம்பு தெரியத் தொடங்கும்.

ஒரு நேர்மையான குறிப்பு. இரண்டு பிக்கப்புகளும் ஒரே தந்தியை இரண்டு வெவ்வேறு இடங்களில் கேட்பதால், சில மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்து நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் தொடர் இணைப்பிலும் இருக்கும். ஆகவே ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இருக்கும், இரு துண்டாகப் பிரிந்த பிளவு பிக்கப் தரும் ஒலி அப்படியே வந்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். அந்தத் திசையில் வெகுதூரம் நகரும் என்று மட்டும் சொல்வேன்.

சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் செலவில்லாமல் இரண்டைச் சோதித்துப் பாருங்கள். பிரிட்ஜ் வால்யூம் நாப்பைச் சிறிது மட்டும் குறையுங்கள். மேலே சொன்ன பள்ளம் ஆழம் குறைந்து நடு ஒலி மேலெழும். அடுத்து, கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டர் அளவிலும், மெல்லிய தந்திப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வைத்துத் தொடங்கலாம். மிக நெருக்கமாக வைத்தால் காந்தம் தந்தியை இழுத்து, சுரம் நீடிக்காமல் நடுங்கும். தந்தியின் பங்கும் பெரிது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜாமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வூண்ட் (தட்டையான கம்பி சுற்றிய) தந்திகளையும் பிரிட்ஜ் மூடியின் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சையும் வைத்தே அந்த உருண்டையான ஒலியை எடுத்தார்.

இனி வயரிங். நான் செய்தது, நெக் வால்யூமின் இடத்தில் 250 கிலோ ஓம் மதிப்புள்ள, இழுத்து அழுத்தும் ஸ்விட்ச் கொண்ட பாட் (நாப்பின் அடியில் இருக்கும் மாறு மின்தடை) ஒன்றைப் பொருத்தியது. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். ஏ என்ற எழுத்தோடு 250 என்று அச்சிட்டிருப்பது லாக் (லாகரிதம்) வகை, வால்யூமுக்கு அதுவே ஏற்றது. அந்த ஸ்விட்சில் ஆறு முனைகள் இருக்கும். அழுத்திய நிலையில் எல்லாம் பழையபடி. இழுத்தால் நெக் பிக்கப்பின் கிரவுண்ட் வயர் கிரவுண்டிலிருந்து விடுபட்டு, பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் (ஒலிச் சைகை வரும்) வயரோடு சேரும். அதே நேரத்தில் பிரிட்ஜ் ஹாட் தன் வால்யூமிலிருந்து விலகும். தொடர் நிலையில் நெக் நாப் மொத்த ஒலியளவையும் கட்டுப்படுத்தும், பிரிட்ஜ் நாப்புக்கு வேலை இருக்காது. சில பிக்கப்புகளின் அடியில் உள்ள உலோகத் தகடு கறுப்பு வயரோடு ஒட்டியிருக்கும். நெக் பிக்கப்பில் அப்படி இருந்தால் அந்தத் தகட்டைப் பிரித்து, தனி வயர் மூலம் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தொடர் நிலையில் அந்தத் தகடே இரைச்சலை உள்ளே இழுக்கும்.

இணைப்பதற்கு முன் இரண்டு பிக்கப்புகளும் ஒரே திசையில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சிவப்பு முனையை ஹாட் வயரிலும் கறுப்பு முனையைக் கிரவுண்ட் வயரிலும் பிடித்துக்கொண்டு, ஓர் இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்த முனைமேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். எடுக்கும் நொடியில் எண் சற்று ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் அது ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால், ஏதாவது ஒன்றின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, இப்போதைவிட மெலிந்த, மூக்கால் பேசுவது போன்ற ஒலியே கிடைக்கும். ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கையாளுங்கள். பிக்கப்பில் பொதுவாகச் சுற்றப்படும் 42 கேஜ் கம்பி 0.06 மில்லிமீட்டர் தடிமன்தான்; மூடி இல்லாத சுருளில் முனை வழுக்கினால் அந்தப் பிக்கப் உண்மையிலேயே செத்துவிடும்.

பாட் என்ற அந்தப் பாகத்தின் முதுகில் கிரவுண்ட் வயரைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதாது. சூடு ஏறுவதற்குள் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிவரும், உள்ளே இருக்கும் கார்பன் பாதை கெட்டுவிடும். உப்புத்தாளால் முதுகைத் தேய்த்துவிட்டு, 50 அல்லது 60 வாட் அயர்னால் சட்டென்று வைத்து எடுப்பதே அந்தப் பாகத்துக்குப் பாதுகாப்பு.

இரைச்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதே வேலையில் இதுவும் சேரும். சிங்கிள் காயில் ஒன்றை மட்டும் திறந்து வாசித்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். தடித்த தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். சீரியல் விளக்கும் டிம்மரும் நிறைந்த மண்டபத்தில் அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால், சுரமும் இரைச்சலும் உரசிக்கொண்டு நொடிக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்குவதைக் கூர்ந்து கேட்பவர்கள் உணரலாம். உங்கள் இரண்டு பிக்கப்புகளும் காந்தத்திலும் சுற்றிலும் ஒன்றுக்கொன்று எதிராகச் செய்யப்பட்டவை என்றால், தொடர் நிலையில் இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதால் இந்த இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும்.

டோன் நாப்போடு இணைந்து மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் டோன் கெபாசிட்டரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 473 என்று அச்சிட்டிருந்தால் 0.047 மைக்ரோ ஃபாரட், 104 என்றால் 0.1. டோன் நாப்பைக் குறைத்து வாசிப்பவர்களுக்கு இந்த மதிப்பு முக்கியம்; முழுதாகத் திறந்து வாசிப்பவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் மாறாது. பழைய காகித கெபாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களை நான் தடுக்கவில்லை. என் பணத்தை அதில் போடமாட்டேன்.

என் பேஸுக்கு ஆன செலவு ஒரு பாட், கொஞ்சம் வயர், ஈயம், அவ்வளவுதான். அடுத்த வரவேற்புக் கச்சேரியில் ஸ்விட்சை இழுத்து வைத்தே வாசித்தேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் கீபோர்ட் அண்ணன் பேஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டு, இடது கையை ஸ்ட்ரிங்ஸ் பகுதிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு அவர் பேஸ் சுரங்களை எனக்காக வாசித்ததில்லை. எல்லா இடத்திலும் தொடர் நிலையே சிறந்தது என்று சொல்லவும் மாட்டேன். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் பகுதிகளுக்குப் பக்க இணைப்பின் பளபளப்பு வேண்டும், அதற்குத்தான் ஸ்விட்ச்.

மல்டிமீட்டர் எண்ணே காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டினால் பிக்கப்பின் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. அப்போது புதியது வாங்குவதில் தவறில்லை. அப்போதும் வாங்கும் முன் அளவுகோலை எடுத்து இரண்டின் நீளத்தையும் அளங்கள். ஃபெண்டர் அளவில் பிரிட்ஜ் பிக்கப் சுமார் 94 மில்லிமீட்டரும், நெக் பிக்கப் அதைவிட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைவாகவும் இருக்கும்; விலை குறைந்த கிட்டார்கள் சிலவற்றில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டிவரும். உங்கள் இரண்டு பிக்கப்புகளும் காட்டும் ஓம் அளவையும், ஸ்க்ரூடிரைவர் சோதனையில் எண் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள். ஆறு முனைகளில் எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் கிட்டாருக்கு ஏற்றபடி வரைந்து தருகிறேன்.