வண்டியில் ஓட்டை போடுவதற்கு முன்

வண்டியில் கூடுதல் சாதனங்கள் மாட்டுவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பின்தொட்டியுள்ள பிக்கப் வண்டிக்காரர்களுடையவை. பலரிடம் இசுசு வி-கிராஸ், ஓரிருவரிடம் டொயோட்டா ஹைலக்ஸ். 2016-ல் வாங்கிய வி-கிராஸ் ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதில் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு முன்னால் கூடுதலாக மாட்டும் நீளமான எல்இடி பார் லைட் வாங்கினேன். மாட்டித் தர கடையில் 1,500 கேட்கிறார்கள். ஹெட்லைட் வயரைக் கொஞ்சம் சீவி இதன் வயரை முறுக்கிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். நானே செய்யலாமா?
*– உடுமலைப்பேட்டை வாசகர்*

நீங்களே செய்யலாம். நண்பர் சொன்ன மாதிரி மட்டும் வேண்டாம்.

என் முதல் பார் லைட்டை ஒரு கடையில் அப்படித்தான் முறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் நல்ல மழையில் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது பார் லைட்டோடு இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்தன. அந்த வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவதில் நின்றேன் என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. ஹெட்லைட்டின் வயரும் பியூஸும் ஹெட்லைட்டுக்கென்று அளந்து வைத்தவை. அதிலிருந்து இன்னொரு விளக்குக்குக் கரண்ட் திருடினால் சுமை இரண்டு மடங்காகும். அன்று பியூஸ் போனது என் நல்ல காலம். பியூஸ் போகாமல் வயர் சூடேறியிருந்தால் கதை வேறு.

சரியான வழி இதுதான். பார் லைட்டுக்கு பேட்டரியிலிருந்து தனி லைன் இழுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஹோல்டர் வர வேண்டும். விளக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்துப் பயனில்லை. நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால், பேட்டரியிலிருந்து அந்த இடம் வரைக்கும் தடுக்க யாருமில்லை. அடுத்தது நாலு முள் ரிலே. சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது, முட்களில் எண் போட்டிருக்கும். பியூஸிலிருந்து அதன் 30-க்கு வாருங்கள், 87-லிருந்து விளக்குக்குப் போங்கள். 85-ஐ எர்த் செய்யுங்கள். 86-ஐ உள்ளே வைக்கும் ஸ்விட்சோடு சேருங்கள். ஸ்விட்சுக்கு வரும் கரண்டை ஹைபீமோடு சேர்ந்து வரும்படி எடுத்தால் இன்னும் நல்லது. டிம் அடித்ததும் பார் லைட்டும் அணைந்துவிடும், எதிரே வருபவர் உங்களைத் திட்டமாட்டார். ஹைபீம் வயரிலிருந்து எடுப்பது ரிலேவின் சுருளுக்கான துளி கரண்ட்தான் என்பதால் அந்த லைனுக்குப் பாரமில்லை.

வயர் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. 120 வாட்ஸ் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். போக வர 8 மீட்டர் வயர் என்று வைத்தால், 1 ஸ்கொயர் எம்எம் வயரில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 எடுத்தால் இழப்பு அரை வோல்ட் சொச்சம். 15 ஆம்பியர் பியூஸ் போதும். வீட்டு வயரிங்கில் மிச்சமான சுருள் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். வண்டிக்கு நுண்கம்பிகள் நிறைந்த, இன்ஜின் சூட்டைத் தாங்கும் ஆட்டோ வயர் வேண்டும். எர்த் அடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வயர் நுனியில் லக் (வளைய முனை) போட்டு போல்ட் முடுக்குங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுவதும், கேபினுக்குள் வயரைக் கொண்டுவர ஏற்கெனவே இருக்கும் ரப்பர் கிராமெட் (ஓட்டை விளிம்பில் வயர் உரசாமல் காக்கும் வளையம்) வழியாகவே நுழைப்பதும் சின்ன விஷயங்கள்தான். தப்பு நடப்பதும் அங்கேதான்.

வயர், ரிலே, பியூஸ், லக், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும். ஒரு விஷயம்: பெட்டியில் 180 வாட்ஸ் என்று அச்சடித்த மலிவு விளக்குகளில் ஆம்பியர் மீட்டரை வைத்துப் பாருங்கள். பாதி இழுத்தால் அதிசயம்.

முன்னால் புல் பார் என்ற இரும்புக் குழாய்த் தடுப்பு மாட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? கடைக்காரர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்கிறார்.
*– கிருஷ்ணகிரி வாசகர்*

அபராதம் கட்டப்போவது கடைக்காரர் இல்லையே. புல் பார், கிராஷ் கார்டு மாட்டிய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்மேல் இடித்தால் பிளாஸ்டிக் பம்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரும்புக் குழாய் கொடுக்காது. உங்களுக்கும் நல்லதில்லை. மோதலின் வேகத்தை வாங்கி நசுங்க வேண்டிய முன்பாகம் நசுங்காமல் நேராக சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டகத்துக்கு, கடத்தும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் குழம்பும்.

பொதுவாக மாற்றங்கள் பற்றி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட் கவர், தரை விரிப்பு, பின்தொட்டிக்கு மூடி போன்றவற்றுக்கு யாரும் வரப்போவதில்லை. இன்ஜின், சேஸ், சீட் எண்ணிக்கை, நிறம் என்று ஆர்சியில் எழுதியிருப்பதில் கை வைக்கும்போதுதான் ஆர்டிஓ நினைவுக்கு வர வேண்டும்.

நானும் முதல் வருஷம் புல் பார் மாட்டினேன். கம்பீரமாகத்தான் இருந்தது. கழற்றிவிட்டேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் வாங்கலாம் என்றிருக்கிறேன். 9,500 பவுண்டா, 12,000 பவுண்டா?
*– ஏற்காடு வாசகி*

கணக்கு எளிது. ஆர்சியில் உள்ள மொத்த எடையை, அதாவது பாரத்தோடு சேர்ந்த எடையை, ஒன்றரையால் பெருக்குங்கள். 2,500 கிலோ என்றால் 3,750. 9,500 பவுண்டு என்பது சுமார் 4,300 கிலோ, போதும். ஆனால் அந்த இழுவை டிரம்மில் அடி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற டிரம் பெருத்து இழுவை குறையும். அதனால் தூரத்து மரத்தில் கட்டி இழுக்கும்போது வின்ச்சுக்கு வலு அதிகம், பக்கத்தில் கட்டினால் குறைவு. பலருக்கு இது தலைகீழாகப் படும்.

வாங்கும் விலையோடு செலவு நிற்காது. முழுச் சுமையில் இந்த மோட்டார் 400 ஆம்பியர் வரை இழுக்கும், பார் லைட்டைப்போல் 40 மடங்கு. கைவிரல் தடிமனுக்கு கேபிள், பேட்டரித் தொடர்பைத் துண்டிக்கும் தனி ஐசோலேட்டர் ஸ்விட்ச், நல்ல பேட்டரி வேண்டும். சேஸோடு போல்ட் போட்ட தாங்கி இல்லாமல் பம்பரில் மட்டும் மாட்டினால் சேற்றிலிருந்து பம்பர் மட்டும் வெளியே வரும். வின்ச்சும் தாங்கியும் இரும்பு பம்பருமாக முன்னால் 80 கிலோ போலக் கூடும். அதுவும் முன்சக்கரத்துக்கு முன்னால் தொங்கும் எடை. பின்தொட்டி காலியாக இருக்கும் நாட்களில் வண்டியின் பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும்.

இன்னொரு யோசனை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தினமும் போகும் அதே தோட்டத்துப் பாதையில் அதே இரண்டு மூன்று இடங்களில்தானே மாட்டுகிறது? அதற்கு முதலில் ஒரு நல்ல ஏர் கம்ப்ரஸர், காற்று அளக்கும் கேஜ், சேற்றில் சக்கரத்துக்கு அடியில் செருகும் பலகை ஒரு ஜோடி, 8 டன் தாங்கும் இழுவைக் கயிறு, கயிற்றை மாட்ட இரண்டு ஷேக்கிள் (இரும்புக் கொளுவி) வாங்குங்கள். வழக்கமான காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே டயர் அகன்று பதியும், பாதி நேரம் வண்டி தானாக ஏறிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் இருக்கும்வரை கயிறே உங்கள் வின்ச்.

ஒரு எச்சரிக்கை. வண்டிக்கு அடியில் இருக்கும் எல்லாக் கொக்கியும் இழுப்பதற்கல்ல. சில, கம்பெனியிலிருந்து லாரியில் ஏற்றி வரும்போது கட்டி வைக்க மட்டும். கயிறு கட்டும் இடம் எது என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். வின்ச்சே வாங்கினாலும் இரும்புக் கயிற்றைவிட வின்ச்சுக்கென்றே வரும் சிந்தெடிக் கயிறு வாங்குங்கள். இரும்புக் கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும். எதுவானாலும் இழுக்கும்போது நடுக்கயிற்றின்மேல் ஒரு கனமான சாக்கைப் போட்டு, ஆட்களைக் கயிற்று நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள்.

245/70 ஆர்16 டயருக்குப் பதில் 265/70 ஆர்16 போட்டால் வண்டி எவ்வளவு உயரும்?
*– சென்னை வாசகர்*

14 மில்லிமீட்டர். விட்டம் 749-லிருந்து 777 ஆகும். அந்த வித்தியாசத்தில் பாதிதான் தரைக்கு மேல் கிடைக்கும் உயரம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 104-ல் போவீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும், எனவே விலையை ஐந்தால் பெருக்குங்கள். தினமும் ஓஎம்ஆரில் போகிறவர் சேற்றுக்கான மட் டயர் போடுவது செருப்புக் கடைக்கு கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு போவது மாதிரி. எல்லாப் பாதைக்குமான ஆல் டெரெய்ன் டயர் போதும்.

இன்ஜின் காற்று இழுக்கும் வாயை மேலே உயர்த்தும் ஸ்நார்க்கல் கிட் வாங்கியிருக்கிறேன். மட்கார்டில் ஓட்டை போட டிரில், ஹோல்சா எல்லாம் கையில் இருக்கிறது. கை நடுங்குகிறது.
*– தூத்துக்குடி வாசகர்*

நடுங்கட்டும். இந்தப் பட்டியலிலேயே திரும்பப் பெற முடியாத வேலை அதுதான்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை முறை பானெட் உயரத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள்? ஸ்நார்க்கல் காற்று இழுக்கும் வாயை மட்டுமே உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கேபினுக்கு அடியில் இருக்கும் கப்ளர்கள் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. இன்னொன்று பலருக்குத் தெரியாது. சூடாக ஓடிய பின் ஆக்ஸில் ஹவுசிங் (சக்கர அச்சின் கூடு) குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் கூட்டுக்குள் இருக்கும் கிரவுன் ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்துவிடும். ப்ரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இன்ஜின் அறை வரை மேலே இழுத்துக் கட்டுவது சில நூறு ரூபாய் வேலை. ஸ்நார்க்கலுக்கு முன் அதைச் செய்யுங்கள்.

இருந்தாலும் போடத்தான் போகிறேன் என்றால், கிட்டோடு வந்த அட்டை வார்ப்பை ஒட்டி, மூன்று முறை அளந்து, முதலில் சின்ன பிட்டில் வழிகாட்டி ஓட்டை போடுங்கள். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழித்து, ஜிங்க் பிரைமர் இரண்டு கோட், மேலே பெயின்ட். தூத்துக்குடி உப்புக் காற்றில் வெறும் விளிம்பை விட்டால் அடுத்த வருஷம் டிங்கர் வேலைதான். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் அதையும் கவனியுங்கள். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையால் நன்றாக மூடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று வருகிறது, தண்ணீரும் அதே வழியாக வரும்.

பின்தொட்டிக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் பெட் லைனர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊருக்கு வேண்டாம். அதற்கும் தகரத்துக்கும் நடுவில் உப்பும் மணலும் ஈரமும் தங்கி பெயின்டைத் தின்னும். ஸ்ப்ரே அடிக்கும் வகை நல்லது.

வண்டியை உயர்த்தும் 2 இஞ்ச் லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே மாட்டலாமா?
*– திருச்சி வாசகர்*

பின்பக்கப் பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) அனுபவமுள்ளவர் துணையோடு முயலலாம். முன்பக்கம் கூடாது. அமுக்கி வைத்த காயில் ஸ்பிரிங் கைநழுவினால் ஆளையே அடித்துவிடும். மாட்டிய அன்றே அலைன்மென்டும் ஹெட்லைட் இறக்கமும் பார்க்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் பூட் (ரப்பர் உறை) கிழிகிறதா என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை குனிந்து பாருங்கள்.

கடையில் மாட்டிய ஆக்ஸசரியால் வயரிங் எரிந்துவிட்டது. கடைக்காரர் கை விரிக்கிறார். ஷோரூமிலும் வாரண்டி கிடையாது என்கிறார்கள்.
*– மதுரை வாசகர்*

பில் இருக்கிறதா? அதில்தான் எல்லாமே. "லைட் 1" என்று மட்டும் இல்லாமல், மாட்டிய கூலியும் எழுதிய ஜிஎஸ்டி பில் என்றால் மாட்டியதில் உள்ள குறைபாட்டுக்கும் அந்தக் கடையே பொறுப்பு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, சம்பவத்திலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். எரிந்த பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், வேறு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஷோரூமிடமும் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகத்துக்கு, வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள்? பார் லைட் மாட்டியதற்காக கிளட்சுக்கு வாரண்டி மறுத்தால் அதையும் ஆணையத்தில் கேட்கலாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மாட்டிய மின் சாதனங்களின் மதிப்பைச் சொல்லிச் சேருங்கள். வழக்கமாக அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சேர்க்காத விளக்கு திருடு போனாலும் எரிந்தாலும் பாலிசியில் அதற்குக் காசில்லை.

எல்லாம் மாட்டி 3 லட்சம் செலவாகிவிட்டது. விற்கும்போது திரும்பக் கிடைக்குமா?
*– கோவை வாசகர்*

கிடைக்காது. வாங்குபவர் உங்கள் ரசனைக்குக் காசு தரமாட்டார், ஓட்டைகளுக்கு விலையைக் குறைப்பார். வண்டியை ஒரிஜினல் கோலத்துக்குத் திருப்பி, ஆக்ஸசரிகளைத் தனித்தனியாக விற்றால் கொஞ்சம் தேறும். அதற்குக் கழற்றிய பாகங்களெல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். புல் பார் மாட்டிய காலத்தில் கழற்றிய என் ஒரிஜினல் முன்பம்பர் மாடிப்படிக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. வீட்டம்மா இரண்டு முறை காயலான் கடைக்குப் போடப் பார்த்தார். இரண்டு முறையும் சண்டை போட்டுக் காப்பாற்றினேன். இன்று வண்டியின் முன்னால் இருப்பது அதுதான்.